தலைவருக்கு முந்நூற்று எண்பத்தொன்பது

தேயிலைத் தோட்டத்து மூன்றாம் நம்பர் லயத்து வரிசை வீடுகளில் வைத்தியம் தொடங்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முன்பும் அங்கே நோய் இருந்தது, வைத்தியம்தான் இல்லை. கொழும்பில் ஒரு பாமசியில் வேலை பார்க்கும் வினோதா, "அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மட்டும்" என்று ஒரு துண்டில் எழுதி, ரத்தத்தில் சீனி பார்க்கும் மெஷின் ஒன்றை அனுப்பியிருந்தாள். அவளுடைய அப்பா கஜேந்திரன் தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர். பொதுவாழ்க்கைக்கு வந்து இருபது வருடமாகிறது. "மட்டும்" என்ற சொல் அவருக்குப் பழக்கமில்லை. வாசலில் ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு, லயத்தையே வரிசையில் நிற்க வைத்துவிட்டார்.

உபசாரத்தில் ஒரு குறையும் இல்லை. அவருடைய மனைவி லெட்சுமி வந்தவர்களுக்கெல்லாம் பாலில்லாத சாயத்தண்ணி கொடுத்தாள். லயத்தில் சீனியைத் தேத்தண்ணியில் போட்டுக் கலக்கி வீணாக்குவதில்லை. உள்ளங்கையில் ஒரு கரண்டி கொட்டிக்கொண்டு, ஒரு நக்கு, ஒரு மடக்கு என்று முடித்துவிடுவார்கள். கோப்பை வலது கையில் இருந்ததால் எல்லோரும் ஊசிக்கு இடது கையை நீட்டினார்கள். தலைவர் ஒவ்வொரு விரலாகக் குத்தினார்.

பதினொரு பேரில் நாலு பேருக்குக் கூடுதலாகக் காட்டியது. ஏன் அந்த நாலு பேருக்கு மட்டும் என்பதற்குத் தலைவரிடம் விளக்கம் இருந்தது. நாலு பேருமே போன வருடம் மற்றச் சங்கத்தின் பக்கம் போய்வந்தவர்கள்.

"முந்நூத்தி நாப்பத்தேழு!" என்று ஏலம் போடுகிறவர் மாதிரிக் கத்தினார், வீரம்மாவின் முறை வந்தபோது. "வீரம்மா, ஒன் ஒடம்புல ஓடுறது ரத்தமில்ல புள்ள, பாணி! கித்துள் மரத்துச் சக்கரப் பாணி! தோசைக்கு ஊத்திக்கலாம்!"

கூட்டம் சிரித்தது. வீரம்மாவும் சிரித்தாள். எல்லோரும் சிரிக்கும்போது சிரிக்காமல் இருந்தால் கோபம் என்றாகிவிடும்.

"ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டட்டுமா தலைவரே?"

"எதுக்கு? அங்க போயி நாள் பூரா லைன்ல நிக்கவா? அங்க இருக்குற அதே மெஷினுதான் இது. சோத்த நிப்பாட்டு. விடியக்காலையில பாவக்கா சாறு குடி. நான் பார்த்துக்கிறேன்."

மறுநாள் காலை பெரட்டுக் களத்தில், ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கையில் அவளுடைய பேரைக் கூப்பிட்டதும், பின்னாலிருந்து யாரோ "பாணியம்மா வந்தாச்சு" என்றார்கள். கணக்கப்பிள்ளையே சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு அந்தப் பெயருக்கு வேறு அங்கீகாரம் தேவைப்படவில்லை. மூன்று வாரத்தில் வீரம்மாவும் அவளுடைய கொழுந்துக் கூடையும் ஒன்றாக இளைத்தார்கள். ஒருநாள் மலையில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாள். "பாத்தீங்களா, சீனி வேலையக் காட்டுது" என்றார் தலைவர்.

நாலாவது வாரம் திங்கட்கிழமை காலை, லெட்சுமி கேட்டாள்.

"ஊருக்கெல்லாம் குத்துறீங்க. ஒங்களுக்கு ஒரு தடவ குத்திப் பாருங்களேன்."

"எனக்கா? எனக்கு என்ன?"

"என்னமோ இருக்குன்னு சொல்லல. பாத்தா என்னாங்கிறேன்."

தலைவர் சாயத்தண்ணியைக் குடித்து முடித்து, உள்ளங்கையைக் கடைசியாக ஒருதரம் நக்கி, விரலைக் குத்தினார். மெஷின் ஐந்து நொடி யோசித்தது. 389.

அவர் மெஷினைத் திருப்பிப் பிடித்துப் பார்த்தார். தலைகீழாகப் பார்த்தாலும் அது நல்ல எண்ணாக இல்லை.

"எவ்வளவுங்க?"

"பெட்டரி போயிருச்சு" என்றார் கஜேந்திரன்.

மறுநாள் தேத்தண்ணி நேரத்தில் மனைவிக்குத் தெரியாமல் இன்னொரு தடவை பார்த்தார். 402. அதோடு மெஷினை வேட்டிகளுக்கு அடியில் வைத்து டிரங்குப் பெட்டியைப் பூட்டினார். பூட்டிய பிறகு தாகம் எடுத்தது. பாதம் மரத்த மாதிரி இருந்தது. கண் மங்கியதா, அல்லது அது வழக்கமான பனிமூட்டமா என்று தீர்மானிக்க முடியவில்லை. சாவைப் பற்றி அவருக்குப் பயம் இருந்தது. ஆனால் அது இரண்டாவது பயம். அவர் செத்தால் சங்கத்துக் கொடியைப் போர்த்துவார்கள், ஒரு மரியாதை உண்டு. சாகாமல் இருந்தால்தான் ஆபத்து. பெரட்டுக் களத்தில் பின்னாலிருந்து வரப்போகும் குரல் அவருக்கு இப்போதே கேட்டது. கொஞ்சம் கவனித்துக் கேட்டால் அது அவருடைய குரலாகவே இருந்தது.

சீனியை நிறுத்தினார். லெட்சுமி காரணம் கேட்டதற்கு, சீனி வரியை எதிர்த்துத் தனிப்பட்ட பகிஷ்கரிப்பு என்றார். சோறும் பகிஷ்கரிப்பில் சேர்ந்ததும் அவள் கேட்பதை விட்டுவிட்டாள்.

ஆஸ்பத்திரிக்குப் போவதென்று தீர்மானித்தபோது முதலில் யோசித்தது, எங்கே நல்ல டாக்டர் இருக்கிறார் என்பதையல்ல. எங்கே தோட்டத்து ஆட்கள் இருக்கமாட்டார்கள் என்பதை. பக்கத்து அக்கரப்பத்தனை ஆஸ்பத்திரியில் சுவருக்கும் அவரைத் தெரியும். ஆகவே வியாழக்கிழமை வெறும் வயிற்றோடு முதல் பஸ் ஏறி, நானுஓயா வழியாக நுவரெலியாவுக்குப் போனார். "பேச்சுவார்த்தை இருக்கு" என்று வீட்டில் சொல்லியிருந்தார். முகத்தில் மாஸ்க், தலையில் குரங்குத் தொப்பி. நுவரெலியாக் குளிரில் அது யாருக்கும் வித்தியாசமாகப் படாது.

கிளினிக்கில் நம்பர் எடுத்து, கடைசி வாங்குப் பலகையில் சுவரோரமாக உட்கார்ந்தார். பக்கத்தில் ஒரு பெண், தலையில் துவாயைப் போர்த்தி, மாஸ்க் போட்டு, அவரைப் போலவே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேரும் கால் மணி நேரம் சுவரைப் பார்த்தார்கள். பிறகு அவள் மெதுவாகச் சொன்னாள்.

"தலைவரே, செருப்ப மாத்திப் போட்டுக்கிட்டு வந்திருக்கலாம்ல?"

கஜேந்திரன் குனிந்து பார்த்தார். தோட்டத்திலேயே அந்தச் சிவப்பு வார் செருப்பு அவரிடம் மட்டும்தான் இருந்தது.

"வீரம்மாவா?"

"பாணியம்மா."

அவருக்குக் காது சுட்டது. குரங்குத் தொப்பியைக் கழற்றினால் தேவலை போலிருந்தது. ஆனால் கழற்றினால் முகம் தெரியும்.

"நீ எதுக்கு இவ்வளவு தூரம்? பக்கத்துலயே காட்டலாமே."

"பக்கத்துல காட்டுனா மருந்துத் துண்டோட நிக்கிறத நாலு பேரு பாப்பாங்க. இருக்குற பேரு பத்தாதா?" அவள் துவாயை இழுத்துவிட்டாள். "நீங்க எதுக்கு வந்தீங்க?"

"பேச்சுவார்த்தை" என்றார் தலைவர்.

"ஆரோட? நர்ஸ் மிஸ்ஸோடயா?"

அவர் மாஸ்க்கை மூக்குக்கு மேலே இழுத்துவிட்டார். அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். மடியில் இருந்த அவருடைய நம்பர் துண்டையும் பார்த்தாள். சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

"ஒங்களுக்கு எவ்வளவு?" என்றாள்.

"முந்நூத்தி எம்பத்தொம்பது." சுவரைப் பார்த்தேதான் சொன்னார். "மத்த நாள் நானூத்தி ரெண்டு."

"என்னய விடக் கூட" என்றாள் வீரம்மா. அதில் கொஞ்சம் இரக்கம் இருந்தது. அவருக்கு அதுதான் தாங்கவில்லை.

நர்ஸ் பிரியந்தி சிங்களப் பெண். தமிழை நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்துப் பேசினாள். அடுத்தடுத்த நம்பர் என்பதால் இருவரையும் ஒன்றாகவே உள்ளே கூப்பிட்டாள். இருவரும் எண்களைச் சொன்னதும் அவள் முகம் மாறியது. ஊசியை எடுக்கப்போனவள் நிறுத்தி, மூலையில் இருந்த குழாயைக் காட்டினாள்.

"மொதல்ல கை கழுவுங்க. சவர்க்காரம் போட்டு. நல்லாத் துடைங்க."

கழுவினார்கள். முதலில் வீரம்மாவுக்குக் குத்தினாள். தொண்ணூற்றாறு.

வீரம்மா மெஷினைப் பார்த்தாள், நர்ஸைப் பார்த்தாள். "மிஸ், மூணு வாரமா நான் சோறு திங்கல. அதுனால எறங்கிருச்சா?"

"இவ்வளவு எறங்காது அம்மா. அன்னைக்குக் குத்துறதுக்கு முன்னாடி என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணும் இல்ல மிஸ். சாயத்தண்ணிதான். கையில சீனி வச்சு..." வீரம்மாவின் வாய் திறந்தபடியே நின்றது. அவள் தன் இடது உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள்.

நர்ஸ் பெருமூச்சு விட்டாள். "சீனி விரல்ல இருந்திருக்கு. மெஷின் அதத்தான் பார்த்திருக்கு. யாரு வீட்டுல பார்த்துக் குடுத்தது?"

கஜேந்திரன் சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையை மிகுந்த அக்கறையோடு படித்தார். ஒன்பதாவது மாதம் தட்டம்மை. வீரம்மா ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"எங்க தோட்டத்துல ஒருத்தரு மிஸ்" என்றாள் வீரம்மா. "நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சாரு."

அவர் அட்டவணையை மறுபடி முதலிலிருந்து படித்தார். எழுத்துகள் நிஜமாகவே மங்கின.

அவருடைய முறை. தன் எண்ணும் சீனி நக்கியதால் வந்ததுதான் என்று உள்ளே ஒரு குரல் துள்ளியது. வெட்கக்கேடுதான்; என்றாலும் உயிர் தப்பிய வெட்கக்கேடு. நர்ஸ் குத்தினாள். நூற்றெழுபத்தொன்று.

"வெறும் வயிறுதானே ஐயா?"

"ஆமாங்க மிஸ்."

"அப்ப உங்களுக்குக் கொஞ்சம் கூடத்தான். இத மட்டும் வச்சு முடிவு சொல்ல ஏலாது. ரெண்டு பேருக்கும் ரத்தம் எடுத்து லெப்புக்கு அனுப்புறேன். அடுத்த வெள்ளிக்கிழம ரிப்போட்டோட டொக்டரப் பாருங்க. சோத்த நிப்பாட்டாதீங்க, பயப்படவும் வேணாம். மருந்து இருக்கு."

திரும்பி வரும் பஸ்ஸில் வீரம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து, நுவரெலியாவில் வாங்கிய பணிஸ் மூன்றை ஒன்றன்பின் ஒன்றாகத் தின்றாள். மூன்று வாரப் பசி. கஜேந்திரன் முன் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்தபடி வந்தார். அவள் மலையில் தலை சுற்றி உட்கார்ந்த நாளில், "சீனி வேலையக் காட்டுது" என்று சொன்னது அவருடைய வாய்தான். பசி வேலையைக் காட்டியிருக்கிறது.

மறுநாள் காலை பெரட்டுக் களத்தில், கணக்கப்பிள்ளை பேர் கூப்பிடுவதற்கு முன், தலைவர் கையைத் தூக்கினார். தூறல் விழுந்துகொண்டிருந்தது. பெண்கள் கூடையோடு நின்றார்கள்.

"தொழிலாளர் தோழர்களே" என்று தொடங்கினார். பழக்கம். "நம்ம தோட்டத்துல சீனி பார்த்த விசயத்துல, மெஷின்ல ஒரு சின்னக் கோளாறு ஏற்பட்டதா தெரிய வந்திருக்கு. இது சம்பந்தமா உரிய தரப்போட..."

வீரம்மா இரண்டாவது வரிசையில் நின்றாள். கூடைக் கயிற்றைத் தலையில் சரிசெய்தாள்.

தலைவர் தூக்கிய கையைக் கீழே இறக்கினார்.

"கோளாறு மெஷினுக்கு இல்ல" என்றார். "கையக் கழுவாம, சீனிக் கையோட குத்தினேன். அது எனக்குத் தெரியல. தெரியாமத்தான் டாக்டரு மாதிரி பேசுனேன். வீரம்மாவுக்குச் சீனி சரியாத்தான் இருக்கு. நேத்து நுவரெலியாவுல பார்த்தாச்சு. அந்தப் புள்ளைக்கு நான் ஒரு பேரு வச்சேன். ஆஸ்பத்திரிக்குப் போகாதன்னும் சொன்னேன். அது நான் செஞ்ச தப்பு." நிறுத்தினார். இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. "எனக்குத்தான் சீனி வருத்தம் இருக்கும் போல தெரியுது."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவர் எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பார்.

பின்வரிசையிலிருந்து தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் அழகன் கையைத் தூக்கினார். முதல் ஞாயிற்றுக்கிழமை இருநூற்றுத் தொண்ணூறு வாங்கியவர்.

"அப்ப நான் மூணு வாரமா குடிச்ச பாவக்கா சாறு?"

"நீயும் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாரு அழகா. எனக்குத் தெரியாது. நெசமாவே எனக்குத் தெரியாது."

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே தலைவரே" என்றார் அழகன், கோபமே இல்லாமல்.

கணக்கப்பிள்ளை கொப்பியைத் திறந்து பேர் கூப்பிட்டார். வீரம்மா என்று கூப்பிட்டபோது பின்னாலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. ஆட்கள் மலைக்குப் பிரிந்தார்கள். கஜேந்திரன் நடுக் களத்தில், கையை எங்கே வைப்பதென்று தெரியாமல், மழையில் நின்றார்.

கடைசியாகக் கடந்து போன வீரம்மா ஒரு கணம் நின்றாள்.

"அடுத்த வெள்ளிக்கிழம அந்தத் தொப்பியப் போட்டுக்கிட்டு வராதீங்க தலைவரே. ஒங்களுக்குப் பக்கத்துல உக்கார எனக்கு வெக்கமா இருக்கு. அழகண்ணனையும் கூட்டிக்கிட்டுப் போவோம். மொதல் பஸ்."

"சரி" என்றார் கஜேந்திரன். தரையைப் பார்த்துத்தான் சொன்னார்.