கொடியில் ஓர் இடைவெளி

"கொடி ஏன் நடுவுல அறுந்து நிக்குது?" என்று கேட்டார் மேனேஜர்.

திரைச்சீலைத் துணிகளுக்கு அச்சு வடிவம் வரைவது என் வேலை. எங்கள் மேனேஜர் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன லென்ஸ் வைத்திருப்பார். அவர் இல்லாத இடத்தில் அவர் பெயர் பூதக்கண்ணாடி. அந்த லென்ஸ் என் மாதிரித் துணியின் மேல் மெல்ல ஊர்ந்து, ஓரிடத்தில் வந்து நின்றுவிட்டது. வெளிர் சாம்பல் துணியில் கருநீலக் கொடி. கீழிருந்து ஏறி, இரண்டு தடவை வளைந்து, இருபுறமும் பொடி இலைகளோடு மேலே போகிறது. இரண்டாவது வளைவில் மட்டும் கோடு நின்றுவிடுகிறது. ஒரு விரல் அகலத்துக்கு வெறும் துணி. பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் மறுபடி தொடங்குகிறது.

"அறுந்து நிக்கல சார். நான்தான் விட்டிருக்கேன்."

"எதுக்கு?"

நான் துணியைப் பார்த்தேன். துணியும் என்னைப் பார்த்தது.

"அச்சு சரியா விழலன்னு நினைச்சுத் திருப்பி அனுப்பிடுவாங்கம்மா. திங்கக்கிழமை அச்சு ஸ்கிரீன் செய்யக் குடுக்கணும். காரணம் இருந்தா சொல்லுங்க, அப்படியே விட்டுடறேன். இல்லேன்னா மூடிக் குடுங்க. அப்புறம், இது எப்படித் தோணுச்சுன்னு கேட்டலாக்குக்கு நாலு வரி வேணும்."

இந்த நாலு வரியில் நான் கைதேர்ந்தவள். காலைப் பனி, கடலலை, மழைக்குப் பிந்திய ஜன்னல். வடிவத்தை முதலில் வரைந்துவிட்டு, அது வந்த வழியைப் பிறகு உட்கார்ந்து தயாரிப்பேன். யாரையும் அது உறுத்தியதில்லை, என்னையும்தான். ஏனென்றால் அவையெல்லாம் யாரோ கேட்டு வரைந்தவை. இந்தக் கொடியை யாரும் கேட்கவில்லை. ஒரு மதியம் வேறெதற்கோ காகிதத்தை எடுத்தேன். கை முன்னால் போக, நான் பின்னால் போனேன். இத்தனை வருடத்தில் இது ஒன்றுதான் என்னுடையது என்று தோன்றியது. அதில் ஒரு துண்டு எனக்கே புரியவில்லை என்பதுதான் வேடிக்கை.

சனிக்கிழமை முழுவதும் வீட்டில் உட்கார்ந்து மூடிப் பார்த்தேன். கம்ப்யூட்டரில் ஒரு இழுப்பு, அவ்வளவுதான். மூடியதும் கொடி அழகாகத்தான் இருந்தது. ஆனால் என் தோள் தானாக மேலே ஏறி இறுகியது. அழித்தேன். மறுபடி மூடினேன். மறுபடி இறுகியது.

"என்ன, கொடிக்கும் உனக்கும் சண்டையா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் என் கணவர் கடைக்குப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மைனா வந்தாள். என் கணவரின் தங்கை. சின்ன வயதிலிருந்தே வாய் மூடாததால் வந்த பெயர். பள்ளியில் கணக்கு டீச்சர். போன வருடம் அவள் வலது தோளுக்குப் பின்னால் ஒரு கட்டியை அறுத்து எடுத்தார்கள். ஆபத்தில்லாத கட்டிதான், ஆனால் பெரியது. ஆறும்வரை எங்கள் வீட்டில் இருந்தாள். அவளுடைய அண்ணன் பஞ்சைப் பார்த்தாலே தலைசுற்றி நாற்காலி தேடுகிறவர். அதனால் தினமும் காலையில் காயத்தைத் துடைத்துக் கட்டுப் போட்டது நான்தான். மைனா அந்தத் தழும்பை இன்றுவரை பார்த்ததில்லை. கண்ணாடி வேண்டாம், போட்டோ வேண்டாம் என்று ஒரே பிடிவாதம். அதற்குப் பிறகு கழுத்துவரை மூடிய சட்டைகள்தான் போடுகிறாள்.

"கணக்கு டீச்சருக்கு மூஞ்சியவிட முதுகுதான் முக்கியம் அண்ணி. போர்டுல எழுதற நேரமெல்லாம் பசங்க அதைத்தானே பாக்குதுங்க?" என்பாள்.

வந்ததும் நாற்காலி முதுகில் கிடந்த மாதிரித் துணியை எடுத்து விரித்தாள்.

"ஐயோ, இது நல்லா இருக்கே! நீங்க போட்டதா? நிஜமாவா?"

"ஏன்டி, அவ்வளவு சந்தேகமா?"

"போன தடவை அந்த வாத்து போட்டீங்களே, அதைப் பாத்ததுலேர்ந்து கொஞ்சம் பயம்தான். என் ரூம் ஜன்னலுக்கு இதுதான். சொல்லிட்டேன்."

துணியை மறுபடி நாற்காலியில் போட்டுவிட்டு, புதுச் சட்டை ஒன்று வாங்கியிருப்பதாகச் சொல்லி உள்ளே போனாள். சற்று நேரத்தில் முதுகுப் பக்கத்துப் பட்டன்கள் திறந்திருக்க வெளியே வந்து என் முன்னால் திரும்பி நின்றாள். "இதைக் கொஞ்சம் போட்டு விடுங்க. கை எட்டல."

கீழ்ப் பட்டனிலிருந்து தொடங்கினேன். தழும்பு இப்போது வெளுத்திருந்தது. கீழிருந்து ஏறி, இரண்டு தடவை வளைந்து, இருபுறமும் தையல் தடங்கள் பொடிப் பொடியாக. பக்கத்திலேயே நாற்காலியில் துணி. என் கை நின்றது.

"என்ன, பட்டன் கையோட வந்துடுச்சா?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். அவளுக்குத் தெரிய வழியே இல்லை. ஆனால் அவள் ஜன்னலில் அவள் முதுகையே தொங்கவிட்டு, நான் அந்த அறையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பதை நினைத்துப் பார்த்தேன்.

"மைனா, அந்தக் கொடி உன் தழும்பு."

அவள் திரும்பவில்லை. "எது?"

"அந்தத் துணியில இருக்கறது. இப்பத்தான் எனக்கே தெரிஞ்சுது. வரையும்போது சத்தியமா தெரியல. நீ வேண்டாம்னா நாளைக்கே இதை நிறுத்தச் சொல்லிடறேன்."

மைனா எட்டித் துணியை எடுத்து, மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அப்ப நான் வலியில கிடந்தப்ப, நீங்க டிசைன் பாத்துட்டு இருந்தீங்க."

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். உறுதியாகச் சொல்ல முடியவில்லை. என் கண்ணை நான் அறிவேன். அது சாவு வீட்டிலும் ஜமுக்காளத்தின் கரையைப் பார்க்கும்.

அவள் விரல் கொடியின் வழியே மெதுவாக ஏறியது. இரண்டாவது வளைவில், வெறும் துணியில், வந்து நின்றது.

"இங்க ஏன் ஒண்ணுமில்ல?"

"தெரியல. மேனேஜரும் அதைத்தான் கேக்கறாரு."

"இந்த இடத்துலதான் எனக்கு உயிர் போகும்," என்றாள். "தினமும் 'ஸ்ஸ்'னு கத்துவேனே. அப்புறம் நீங்க அங்க வந்ததும் கையை எடுத்துடுவீங்க. தாண்டிப் போய் மேல துடைச்சிட்டு, கடைசியா ஊதி ஊதி அங்க வருவீங்க."

எனக்கு அது நினைவிலேயே இல்லை. என் தோளுக்கு இருந்திருக்கிறது. அப்போது வலியில் அவள் தோள் எப்படி ஏறி இறுகுமோ அப்படித்தான் நேற்று முழுவதும் இது இறுகியது.

மைனா துணியை மடித்து வைத்தாள். பிறகு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தாள்.

"எங்க, காட்டுங்க. எப்படிப் போகுது?"

ஒரு விரலால் கீழிருந்து வரைந்துகொண்டே போனேன். முதல் வளைவு. இரண்டாவது வளைவு வந்ததும் விரல் தானாக மேலே எழுந்தது.

"இப்ப வலிக்கல அண்ணி. அது மேலேயே போங்க."

போனேன். மற்ற இடத்தைவிட அங்கே தோல் சற்று வழவழப்பாக இருந்தது.

"அப்ப துணியிலயும் மூடிடவா?"

"எதுக்கு? மூடினா அது வேற யாரோ ஒருத்தியோட முதுகு." குரலில் பழைய மைனா எட்டிப் பார்த்தாள். "இருந்துட்டுப் போகட்டும். ஆனா ஒண்ணு, எங்கேர்ந்து வந்துச்சுன்னு யார்கிட்டயும் சொல்லக் கூடாது. அண்ணன்கிட்டயும்தான். அவன் அப்புறம் ஜன்னல் பக்கமே வரமாட்டான்."

திங்கட்கிழமை மேனேஜர் லென்ஸை எடுத்தார்.

"மூடலையா? காரணம்?"

"அந்த இடத்துல கையை எடுக்கணும் சார்."

அவர் லென்ஸ் வழியாகவே என்னை நிமிர்ந்து பார்த்தார். ஒரு கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. "துணி திரும்பி வந்தா மொத்தமும் உங்க வீட்டு ஜன்னலுக்குத்தான், ஞாபகம் வெச்சுக்குங்க," என்றபடி ஸ்கிரீனுக்கு அனுப்பும் உறையில் அதைச் செருகினார்.

நாலு வரியும் கொடுத்தேன். மழை விட்ட ஒரு மாலையில், ஈரச் சுவரில் ஏறிய ஒரு கொடியைப் பார்த்து நின்றதாக. இதுவரை எழுதிய பொய்களில் இதற்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொண்டேன். அந்தச் சுவரை ஓர் இடுக்குகூட இல்லாமல், யாரும் அப்பால் எட்டிப் பார்க்க முடியாதபடி கட்டினேன்.