பின்னால் ஏறினால் நிற்கும் வண்டி

வெற்றிசெல்வனின் வண்டி கந்தர்வக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, சந்தைக் கூட்டத்தின் நட்டநடுவில் நின்றது. நின்றதோடு விட்டதா? பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி மணிமேகலை இறங்கிச் சேலையைச் சரிசெய்ததுதான் தாமதம், ஒரே உதையில் உயிர் வந்து உறுமியது. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பூக்கடைக்காரர், "பொண்ணு எறங்குனதும் வண்டிக்கு வந்த சந்தோஷத்தப் பாரு!" என்றார். கூட்டம் சிரித்தது. ஊர்ச் சிரிப்புக்குக் கால் முளைக்க எவ்வளவு நேரமாகும்? இவர்கள் வீடு வந்து சேர்வதற்குள் அது முந்திக்கொண்டு வந்து சேர்ந்திருந்தது.

கல்யாணமான இந்தச் சில மாதங்களில் வண்டி இப்படி நிற்பது புதிதல்ல. விருந்துக்குப் போகும்போது நின்றது. நார்த்தாமலைக்குப் போகும்போது நின்றது. எப்போது நின்றாலும் மணிமேகலை பின்னால் இருக்கும்போதுதான். வெற்றி தனியாக உரக்கடை வேலைக்குப் போய்வரும்போது ஒருநாளும் மக்கர் செய்ததில்லை. மெக்கானிக் பெலிக்ஸ் பிளக் மாற்றினார், காயில் மாற்றினார், கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார். ஓட்டிப் பார்த்தால் ஒரு குறையும் இல்லை.

வேண்டாத மருமகள் கைபட்டால் குற்றம், கால்பட்டால் குற்றம் என்பார்கள். மாமியார் மீனம்மாள் அப்படிப்பட்டவள் அல்ல, மருமகளை வேண்டி விரும்பித்தான் கொண்டுவந்தாள். அவளுக்கு இருந்த ஒரே வியாதி சகுனம்.

ஞாயிற்றுக்கிழமை மகள் ரம்யாவுக்கு அறந்தாங்கியில் வளைகாப்பு. அண்ணன் பெண்டாட்டிதான் முதல் வளையல் போட வேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம். மீனம்மாள் மருமகள் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "மொத வளையல எதுத்த வீட்டு ராஜலட்சுமி போடட்டும் ஆத்தா. ரம்யா புள்ளத்தாச்சிப் பொண்ணு. ஒன் ராசி வண்டிக்கே ஆக மாட்டேங்குது. நீ பின்னாடி நின்னு பாரு."

வெற்றி சுவரைப் பார்த்தான். அவனுக்கு அந்த நேரத்தில் சுவரில் அப்படி என்ன தெரிந்ததோ.

மணிமேகலைக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. பிறக்கப் போகும் பிள்ளைக்கு ஆகாதவள் என்ற பேர் ஒருதரம் ஒட்டினால் அப்புறம் அதைச் சுரண்டி எடுக்க முடியாது. நாளைக்குப் பால் திரிந்தாலும் மாடு சினைப்படாமல் போனாலும் அவள் தலையில்தான் விழும்.

கல்யாணத்துக்கு முன் அவள் சென்னைப் பக்கம் காருக்கு ஒயர் கட்டுகிற கம்பெனியில் வேலை பார்த்தவள். பெரிய பலகையில் கலர் கலராக ஒயர்களை விரித்து, சேர்த்துக் கட்டி, டேப் சுற்றி அனுப்புகிற வேலை. லைனில் எங்கே பிசகு என்றாலும், "மேகலாவக் கூப்பிடு" என்பார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் சம்பளம் என்ன என்று கேட்டார்கள், ஷிப்டு என்ன என்று கேட்டார்கள். என்ன வேலை என்று மட்டும் ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் அரைமணி நேரம் சொல்லியிருப்பாள்.

சனிக்கிழமை காலையில் அவள் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். ஒவ்வொரு தடவை நின்றபோதும் ஹாரன் அடித்தது, இண்டிகேட்டர் எரிந்தது. அப்படியானால் பேட்டரியில் குறையில்லை, பியூஸும் போகவில்லை. எஞ்சினை மட்டும் ஏதோ அணைக்கிறது. அந்தப் பழைய வண்டியில் சாவியைத் திருப்பினால் எஞ்சின் அணைவதற்கென்றே ஒரு ஒயர் உண்டு. சாவி அதை வண்டியின் இரும்புச் சட்டத்தோடு சேர்த்துவிடும், எஞ்சின் நின்றுவிடும். சாவி போட்டிருக்கும்போதே அந்த ஒயர் தானாக எங்காவது இரும்பைத் தொட்டால்? அப்போதும் நிற்கத்தானே செய்யும். வண்டிக்கு ராசி தெரியாது, பாரம் தெரியும்.

"ஏங்க, அந்தக் கடல மூட்டையத் தூக்கிப் பின்னாடி வச்சுக் கட்டுங்க" என்றாள்.

"எதுக்கு? பெலிக்ஸ் அண்ணனே பாத்துட்டாருல்ல?"

"அவரு ஒத்தையாத்தான ஓட்டிப் பாத்தாரு? என்னயத் தவிர இதுல வேற யாராச்சும் பின்னாடி ஏறியிருக்காகளா?"

வெற்றி யோசித்தான். ஊரில் ஆளுக்கொரு வண்டி. கல்யாணத்துக்குப் பிறகு அவன் பின்னால் வேறு யாருமே ஏறியதில்லை. மூட்டையைத் தூக்கிக் கட்டினான்.

தெருக்கோடி வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியது. எஞ்சின் சத்தம் அடங்கியது. வெற்றி அங்கிருந்தே, "ஏ, நின்னுருச்சு!" என்று கத்தினான். வண்டி நின்றதற்கு ஒருத்தன் இப்படிச் சந்தோஷப்பட்டு அந்தத் தெரு பார்த்ததில்லை. வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்து மூட்டையை இறக்கினான்.

வாசலில் சீர்த் தட்டுக்குப் பழம் பொறுக்கிக்கொண்டிருந்த மாமியாரிடம் மணிமேகலை திரும்பினாள். "கடல மூட்டைக்கு என்ன ராசி அத்தை?"

பதிலுக்கு என்றைக்கும் பஞ்சமில்லாதவள் மீனம்மாள். "கட்டச் சொன்னது நீதான?"

"அப்ப நீங்க ஏறுங்க."

எதிர்வீட்டு ராஜலட்சுமி வெளியே வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள். மீனம்மாள் ஆயுசில் வண்டியில் ஏறியதில்லை. போனால் பஸ், இல்லாவிட்டால் நடை. ஆனால் எதிர்வீட்டுக்காரி பார்க்கும்போது பின்வாங்கினால் மானம் என்னாவது? "ஏன், எனக்கென்ன பயமா?" என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மகன் தோளைப் பிடித்து ஒரு பக்கமாக ஏறி உட்கார்ந்தாள்.

வண்டி கிளம்பியதும் மணிமேகலைக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மாமியார் உடம்பு வற்றல் மாதிரி. பாரம் போதாமல் போய்விட்டால்? வேகத்தடை வந்தது. வண்டி ஏறி இறங்கி, போய்க்கொண்டே இருந்தது. முடிந்தது கதை என்று நினைத்தாள். ராஜலட்சுமி நமுட்டுச் சிரிப்பு சிரித்தாள். அதைத் தாண்டி, வாசலிலிருந்து பார்த்தால் தெரிகிற தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ரோடு பள்ளமாக இருக்கும். அங்கே திரும்பும்போது தூக்கிப்போட்டது. மீனம்மாள், "ஏ கருப்பா!" என்று அலறினாள். எஞ்சின் அணைந்தது.

அவள் இறங்கினாள். வெற்றி உதைத்தான். ஒரே உதையில் கிளம்பியது. வண்டி முன்னால் வர, அவள் பின்னால் நடந்தே வாசலுக்கு வந்தாள்.

"என்ன மீனம்மாக்கா, ஒங்க ராசியும் அம்புட்டுத்தானா?" ராஜலட்சுமி விழுந்து விழுந்து சிரித்தாள்.

மீனம்மாள் முகம் சுண்டிப்போனது. நேற்றிலிருந்து மணிமேகலை காத்திருந்த இடம் இதுதான். வார்த்தை நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும், நேற்றுச் சந்தையில் தன் முகமும் இப்படித்தானே இருந்திருக்கும் என்று தோன்றிவிட்டது.

"எங்க அத்தை ராசிக்கு என்ன கொறச்சல்? கொறை ஒயருல இருக்கு. வந்து பாருங்க" என்றாள் ராஜலட்சுமியிடம் வெடுக்கென்று.

சீட்டைக் கழற்றினாள். கல்யாணத்துக்கென்று புதிதாகப் போட்ட தடித்த மெத்தை சீட். அதன் அடியில் இருக்கவேண்டிய ரப்பர் கட்டைகளைக் காணோம், பழைய சீட்டோடே போய்விட்டன. பின்னால் பாரம் ஏறிக் குலுங்கினால் சீட்டின் இரும்புத் தகடு இறங்கி, கீழே போகும் ஒயரை நசுக்கியிருக்கிறது. ஓர் இடத்தில் தோல் உரிந்து செம்பு பளபளவென்று தெரிந்தது. எஞ்சினை அணைக்கிற அதே ஒயர்.

கண்டுபிடித்தோம் என்று துள்ளிக் குதிக்கிற ஆள் இல்லை அவள். கம்பெனிப் பழக்கம், சோதிக்காமல் நம்பமாட்டாள். உரிந்த இடத்தில் தற்காலிகமாக டேப்பை மடித்துச் சுற்றி, சீட்டை மாட்டி, மறுபடி மூட்டையைக் கட்டி, தண்ணீர்த் தொட்டிப் பள்ளத்தில் இறங்கி ஏறிவரச் சொன்னாள். நிற்கவில்லை. இன்னொரு தடவை போகச் சொன்னாள். அப்போதும் நிற்கவில்லை. அதன் பிறகுதான் சீட்டை மறுபடி கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தாள். நைந்த துண்டை வெட்டிப் புது ஒயர் சேர்த்து முறுக்கி, சுற்று மேல் சுற்று பாதி பாதி ஏறும்படி டேப்பை இழுத்துச் சுற்றினாள். ஒயரைத் தகடு தொடாத பக்கமாக ஒதுக்கிக் கட்டினாள். பழைய டயரை அறுத்து ரப்பர் கட்டை செய்து சீட்டுக்கு அடியில் வைத்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு விரல்கள் அந்த வேலையைச் செய்தன, ஒன்றையும் மறந்திருக்கவில்லை. பெருமையாக இருந்தது அவளுக்கு. ஏன் இருக்கக் கூடாது?

"எனக்குத் தோணாமப் போச்சே" என்றான் வெற்றி.

"நேத்து வண்டியோட சேந்து ஒங்க வாயும்ல நின்னுபோச்சு" என்றாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

மீனம்மாள் கழற்றி வைத்த சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இது நான் போடச் சொன்ன சீட்டுல்ல? வர்ற புள்ள மெத்துன்னு ஒக்காரட்டுமேன்னு..."

"சீட்டு நல்ல சீட்டு அத்தை. மாட்டுனவுகதான் ரப்பர விட்டுட்டாக."

அன்று முழுவதும் மீனம்மாள் வளையலைப் பற்றி மூச்சுவிடவில்லை. மணிமேகலையும் கேட்கவில்லை. கேட்டு வாங்குவது மரியாதை ஆகாது.

ஞாயிற்றுக்கிழமை மீனம்மாளும் ராஜலட்சுமியும் தட்டுகளோடு வேனில் போனார்கள். புருஷனும் பெண்டாட்டியும் வண்டியில் போனார்கள். அறந்தாங்கி வரை எத்தனை பள்ளம், எத்தனை மேடு! ஓர் இடத்திலும் நிற்கவில்லை. ஆனாலும் மண்டபத்தில் மணிமேகலை பின்வரிசையில்தான் நின்றாள். நகக் கண்ணில் ஏறிய கருப்பு, சோப்புக்கும் போகவில்லை புளிக்கும் போகவில்லை. கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

ரம்யாவை மணையில் உட்கார வைத்தார்கள். ராஜலட்சுமி வளையலுக்குக் கை நீட்டினாள். மீனம்மாள் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "ஏத்தா மணிமேகல, இங்கிட்டு வா" என்றாள்.

மணிமேகலை முன்னால் வந்தாள். ரம்யாவின் மாமியார், சம்பந்தியம்மா அழகியின் கண்ணில் அந்த விரல்கள்தான் முதலில் பட்டன. "என்னம்மா, விசேஷ வீட்டுக்கு வாரப்ப கையில இம்புட்டுக் கருப்பு?"

மறுபடி முந்தானைக்குள் போகப் பார்த்த கையை மீனம்மாள் எட்டிப் பிடித்து, எல்லோரும் பார்க்கும்படி தூக்கிக் காட்டினாள்.

"எங்க வண்டி பின்னாடி ஆளு ஏறுனா நிக்கும் சம்பந்தி. இவ ஏறி நின்னுச்சு, இவளத்தான் ராசி இல்லாதவன்னு சொன்னேன். நேத்து நான் ஏறுனேன், எனக்கும் நின்னுச்சு. என்ன கொறைன்னு கண்டுபுடிச்சுச் சரிபண்ணுனது இந்தக் கை. பேரனோ பேத்தியோ, உள்ள இருக்கற உசுருக்கு மொத வளையல் சத்தம் இந்தக் கையிலருந்துதான் கேக்கணும்."

மணிமேகலைக்குக் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொண்டு வளையலை எடுத்தாள். நகத்தை மறைக்க இப்போது அவளுக்குத் தோன்றவில்லை. கருத்த விரல்களால் ரம்யாவின் கையைப் பிடித்து, முதல் வளையலை ஏற்றினாள்.