பச்சை நாடா கட்டிய கம்பிகள்

திங்கட்கிழமை விடிந்தாலே மூக்கிக்குக் குமட்ட ஆரம்பித்துவிடும். சனி, ஞாயிறு மலைக்கு வாடகைக்குப் போன கூடாரங்கள் எல்லாம் ஞாயிறு மதியத்திலிருந்தே திரும்ப ஆரம்பித்து, திங்கள் காலை கடையின் பின்கட்டில் குவிந்திருக்கும். ஒவ்வொரு பையாக அவிழ்த்து, துணிக்குள் தலையை விட்டு மோந்து பார்ப்பது அவள் வேலை.

லேசான கூடாரங்கள். ஒன்றின் எடை ஒரு தர்பூசணிக்குக்கூட வராது. துணி வெங்காயத் தோல் மாதிரி இருக்கும். மழை இறங்காமல் இருக்க உள்பக்கம் ஒரு பூச்சு பூசியிருப்பார்கள். ஈரத்தோடு சுருட்டி வைத்துவிட்டால் அந்தப் பூச்சு நாளடைவில் பிசுபிசுத்து உரியும். அப்போது கிளம்பும் நாற்றம், கைக்குழந்தை கக்கிய பால் சட்டையில் காய்ந்தால் வருமே, அதே நாற்றம். கண்ணுக்குத் தெரிவதற்கு ஒரு மாதம் முன்பே மூக்கிக்கு அது தெரிந்துவிடும். அதனால்தான் சித்தப்பா அவளுக்கு அந்தப் பெயரை வைத்தார். வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. அவளும் மறுத்துப் பேசவில்லை. அவள் எதற்குத்தான் மறுத்துப் பேசியிருக்கிறாள்?

நாற்றத்தோடு போகாது. உள்ளே கை விட்டால் வெட்டிப் போட்ட கால் நகம் இருக்கும். பாதி தின்ற மீன் டப்பா இருக்கும். ஒருமுறை ஒரு பல்செட்டே இருந்தது.

"இதுக்குள்ள படுத்து எந்திரிச்சவன் மனுஷனாடி? மாடுகூடப் படுக்கிற இடத்தை இப்படி வைக்காது" என்பாள் தையலக்கா. கிழிந்த கூடாரங்களைத் தைப்பது அவள் வேலை. தையல் மெஷினை மூக்கியின் மேசைக்கு எதிரே போட்டிருந்தாள்.

"பல்லைக் கேட்டு வந்தாரா அக்கா அந்த ஆளு?"

"எப்படிக் கேப்பாரு? வாயத் தெறந்தா பொக்கை தெரிஞ்சிடுமே."

துணியை முடித்த பிறகு கம்பிகளைப் பார்க்க வேண்டும். கம்பி என்பது பேருக்குத்தான். உள்ளே வெறும் கூடு, சிவப்புச் சாயம் ஏற்றிய அலுமினியக் குழாய். ஒரு முழ நீளத் துண்டுகளாக, நடுவில் ஓடும் எலாஸ்டிக் கயிற்றில் கோத்திருக்கும். ஒன்றின் முனையில் இன்னொன்றைச் செருகி, வில்லாக வளைத்தால் கூடாரம் நிற்கும். ஆட்கள் அவசரத்தில் அரைகுறையாகச் செருகி வளைப்பார்கள். குழாயின் வாயில் மயிரிழை விரிசல் விழும். கண்ணால் பார்த்தால் தெரியாது. மூக்கி ஒரு உருண்டைப் பஞ்சை எடுத்து ஒவ்வொரு மூட்டிலும் சுற்றி இழுப்பாள். விரிசல் இருந்தால் பஞ்சு சிக்கும். சிக்காத கம்பிகளைப் பையில் போட்டு, பையின் வாயில் ஒரு பச்சை நாடா கட்டி, அதில் 'மூ' என்று எழுதுவாள்.

மலைக்குப் போகிறவர்கள் கடைக்கு வந்ததும், "பச்சை நாடா இருக்கா?" என்றுதான் கேட்பார்கள். சித்தப்பாவுக்கு அதில் தலைகால் புரியாத பெருமை.

"பாத்தியா, என் பேருக்கு இல்லாத மவுசு உன் நாடாவுக்கு!" என்று சொல்லிக்கொண்டே, கூடாரம் அடிக்கும் முளைக்கம்பியால் காதைக் குடைவார். குடைந்ததைக் கையில் கிடைத்த துணியில் துடைப்பார். கையில் கிடைப்பது எப்போதும் அவள் அப்போதுதான் துவைத்து மடித்த கூடாரமாக இருக்கும்.

அம்மா வெளியூரில் ஒரு விடுதிச் சமையலறையில் வேலை பார்க்கிறாள். ஒரு அறையில் ஆறு பேராகப் படுத்துக்கொள்கிறாள். அங்கே பெண்ணைக் கூட்டி வைத்துக்கொள்ள முடியாது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட நாளிலிருந்து மூக்கிக்குச் சோறும் பாயும் சித்தப்பா வீட்டில்தான். வீடு கடைக்கு மேல்மாடி.

அந்தத் திங்கட்கிழமை ஒன்பதாவது பையைத் திறந்தபோது நாற்றம் வேறு மாதிரி இருந்தது. துணி ஒரு கை நீளத்துக்குக் கிழிந்திருந்தது. கிழிசலின் ஓரமெல்லாம் பழுப்பாகக் காய்ந்து, மொடமொடவென்று இருந்தது. ரத்தம். கம்பிகளை உருவினாள். ஒரு மூட்டில் குழாய் வாய் பிளந்து, பிளந்த முனை கத்தி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. பையின் வாயில் பச்சை நாடா. 'மூ'. அவள் கையெழுத்தேதான்.

"சித்தப்பா, இதுல ரத்தம்."

"ஆமா, சொன்னாங்க. காத்துல கம்பி தெறிச்சுப் பொண்டாட்டி கன்னத்தைக் கிழிச்சிருச்சாம். குடிச்சுட்டு மேல விழுந்திருப்பான், பழியைக் கம்பி மேல போடுறான். நீ நல்லா ஊறவச்சுக் கசக்கு. பச்சத் தண்ணில. சுடுதண்ணில போட்டா கறை புடிச்சிக்கும்."

கறை போக என்ன செய்ய வேண்டும் என்பது அவருக்கு உடனே தெரிந்திருந்தது.

மூக்கி கசக்கினாள். வாளித் தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறியது. இந்தக் கம்பியைப் போன வாரம் அவள்தான் பார்த்தாள். பஞ்சு சிக்கவே இல்லை. ஒரே வாரத்தில் இப்படிப் பிளக்குமா? நல்ல குழாய் என்றால் முதலில் வளையும், அப்புறம்தான் உடையும். இது வளையாமலே பிளந்திருக்கிறது.

கையைத் துடைத்துக்கொண்டு அந்த முனையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். பிளவின் ஓரத்தில் சிவப்புச் சாயம் தோலாக உரிந்து நின்றது. கம்பிச் சாயம் உரியாது. உலோகத்தோடு ஊறியது அது. நகத்தால் நிமிண்டினாள். செதில் போல ஒரு துண்டு கையோடு வந்தது. மூக்கருகில் கொண்டுபோனாள்.

நெயில் பாலிஷ்.

சித்தியின் அலமாரியில் மூன்று வாரமாக நான்கு சிவப்பு பாட்டில்கள் இருந்தன. இந்த வயதில் சித்திக்கு வந்த ஆசையைப் பாரேன் என்று தனக்குள் சிரித்துக்கொண்டாள் மூக்கி. பாட்டில்கள் ஒவ்வொன்றாகக் காலியாகின. சித்தியின் விரல்கள் மட்டும் எப்போதும்போல மொட்டையாக, பாத்திரம் தேய்த்துத் தேய்ந்த நகங்களோடு இருந்தன. அதை ஏன் யோசிக்கவில்லை? திங்கட்கிழமை முழுக்க வாந்தி நாற்றத்துக்குள் கிடக்கும் மூக்கு, கம்பியை மோந்து பார்க்க வேண்டும் என்று நினைக்கவே இல்லை. கம்பிக்குப் பஞ்சு போதும் என்று இருந்துவிட்டாள். விரிசலுக்கு மேல் பாலிஷ் பூசினால் பஞ்சு வழுக்கிக்கொண்டு போகும். இந்தக் கடையில் பஞ்சு வைத்துப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தவர்தான் இதைச் செய்ய முடியும்.

"அக்கா, உங்களுக்கு இது தெரியுமா?"

தையலக்கா மெஷினை நிறுத்தவில்லை. "எனக்கு ஊசி தெரியும், நூல் தெரியும். வேற எதையும் எங்கிட்ட கேக்காத."

"தெரியுமா, தெரியாதா?"

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் உங்க சித்தி மாடிப்படில உக்காந்து கம்பிக்கு மருதாணி வைக்கிற மாதிரி வச்சிக்கிட்டிருந்தா. நான் பாத்தேன். பாக்காத மாதிரி போயிட்டேன். போதுமா?"

மூக்கி கொல்லைக்கு ஓடிப்போய், காலையில் குடித்த தேநீரைக் கக்கிவிட்டு வந்தாள்.

வியாழன் வரை அவள் வாயைத் திறக்கவில்லை. வியாழன் மதியம் சித்தப்பாவே வந்தார்.

"நாளைக்கு விளையாட்டு டீச்சர் வர்றாங்க. பதினெட்டுப் பொண்ணுங்க, ஒன்பது டெண்ட்டு. மேட்டு முகட்டுல ரெண்டு நாள். நாடா கட்டியாச்சா?"

"முகட்டுல காத்து ஜாஸ்தி, சித்தப்பா."

"அதான் உன் நாடா கட்டினதா கேக்குறாங்க."

"கம்பில பாலிஷ் அடிச்சிருக்கு."

ஒரு நொடி அவர் கையிலிருந்த முளைக்கம்பி காதுக்குள்ளேயே நின்றது. பிறகு சிரித்தார். அந்தச் சிரிப்புதான் அவளுக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால்கூட இவ்வளவு அருவருப்பாக இருந்திருக்காது.

"எங்க மூக்கிகிட்ட எதையும் மறைக்க முடியாதே! ஏம்மா, லேசான சாமான்னா கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருக்கும். சுண்டு விரல் தடிமன் குழாய் காலத்துக்கும் உழைக்குமா? ரெண்டு நாளைக்குத் தாங்காதா?"

"கன்னம் கிழிஞ்சிச்சே."

"கன்னம்தான, கண்ணா போச்சு?" முளைக்கம்பியை அவள் மேசைத் துணியில் துடைத்தார். "நாடாவைக் கட்டு. அவங்க உன் நாடாவை நம்பித்தான் வர்றாங்க."

அன்று மதியம் சித்தி சோறு போட்டாள். பிசைந்து போடும் கை. அந்தக் கட்டைவிரலின் ஓரத்தில் துளியூண்டு சிவப்பு ஒட்டியிருந்தது. தட்டில் சோற்றோடு அந்த வாசமும் இறங்கியது போல இருந்தது.

"ஏன்டி கொறிக்கிற? நாங்க போடற சோறு கசக்குதா?"

"வயிறு சரியில்ல, சித்தி."

"உங்க சித்தப்பா மனசு கோணாம நடந்துக்க. வயிறு தானா சரியாயிடும்."

அவள் நாடா கட்டவில்லை. வெள்ளிக்கிழமை காலை கீழே இறங்கி வந்தபோது ஒன்பது பைகளிலும் பச்சை நாடா தொங்கியது. 'மூ' என்ற எழுத்தைச் சித்தப்பா அச்சு அசலாக எழுதியிருந்தார். முடிச்சு மட்டும் அவருடையது. நாடாவில் அவர் தலை எண்ணெயின் சிக்கு வாடை.

பத்து மணிக்கு விளையாட்டு டீச்சர் வந்தார். கழுத்தில் விசில், காலில் மண் படிந்த பூட்ஸ். பின்னால் நான்கு பெண்கள், காலிப் பைகளோடு, ஓயாமல் பேசிக்கொண்டு.

"நாடா இருக்கில்ல? அப்பச் சரி. ஏய், ஆளுக்கு ரெண்டா தூக்குங்கடி. எடையே இல்ல பாருங்க."

ஒரு பெண் பையைத் தலைக்கு மேல் தூக்கிப் போட்டுப் பிடித்தாள். பன்னிரண்டு, பதின்மூன்று வயது இருக்கும். கன்னத்தில் பரு.

சொல்ல வேண்டியதை மூக்கி விடிகாலையிலிருந்து மனதுக்குள் இருபது முறை சொல்லிப் பார்த்திருந்தாள். இப்போது ஒரு சொல்கூட வரவில்லை. நேராகப் போய் அந்தப் பெண்ணின் கையிலிருந்த பையை வாங்கினாள். அவிழ்த்தாள். கம்பிகளை உதறினாள். அவை சடசடவென்று ஒன்றோடொன்று செருகிக்கொண்டன. ஒவ்வொரு மூட்டையும் முட்டும்வரை சரியாகத் தள்ளினாள். அவசரத்தில் செய்தாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. பிறகு ஒரு முனையைத் தரையில் ஊன்றி, கூடாரத்துக்கு எவ்வளவு வளைப்போமோ அவ்வளவு மட்டும் வளைத்தாள்.

டக்.

பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

"ஒண்ணு அப்படித்தான் போகும், டீச்சர்" என்றார் சித்தப்பா. "வேற மாத்தித் தர்றேன். இந்தப் பொண்ணு கை கொஞ்சம் முரடு."

மூக்கி இரண்டாவது பையை அவிழ்த்தாள். டக். சித்தப்பாவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. மூன்றாவதை வளைத்தாள். அது உடையவில்லை. அழகாக வில் போல் நின்றது.

"பாத்தீங்களா? சாமான் நல்ல சாமான்!"

நின்றுகொண்டிருந்த அந்தக் கம்பியை மூக்கி அப்படியே டீச்சரின் முகத்துக்கு நேரே கொண்டுபோனாள். "மோந்து பாருங்க, டீச்சர்" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னாள். "மூட்டுல மோந்து பாருங்க."

டீச்சர் மோந்தார். புருவம் சுருங்கியது. நகத்தால் சுரண்டினார். சிவப்புத் தோல் உரிந்தது. அதன் கீழே விரிசல், எறும்பு வரிசை மாதிரி.

"இது என்ன, பாலிஷா?"

மாடிப்படியில் நின்ற சித்தி கையைப் புடவைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

"நாடா உன்னுதுதானே?" டீச்சர் மூக்கியின் பக்கம் திரும்பினார். "உன்ன நம்பித்தானே எல்லாரும் வாங்கிட்டுப் போறாங்க? போன மாசம் என் தங்கச்சி புருஷன்கூட வாங்கிட்டுப் போனாரு. அப்பவும் இப்படித்தானா?"

"இதை நான் கட்டல, டீச்சர்." கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்தாள். "போன மூணு வாரம் கட்டினது நான்தான். தெரியாம கட்டினேன். கட்டினது நான்தான்."

டீச்சர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். நன்றி என்று ஒரு வார்த்தை வரும் என்று மூக்கி எதிர்பார்க்கவில்லை. வரவும் இல்லை. அந்தப் பார்வையில் இருந்தது, மீன் டப்பாவைத் திறக்கும்போது மூக்கியின் முகத்தில் வருமே, அது.

"பையை எல்லாம் கீழ வைங்கடி. கைய கழுவுங்க. மலையும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

"போச்சு" என்றாள் பருக்காரி. "ரெண்டு மாசமா காத்திருந்தோம்." மூக்கியை முறைத்துவிட்டுப் போனாள்.

அவர்கள் தெருமுனை திரும்பும்வரை சித்தப்பா காத்திருந்தார். பிறகு மாடியைப் பார்த்து, "இவ அம்மாவுக்குப் போன் போடு. வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லு" என்றார். முளைக்கம்பியைத் தேடி எடுத்துக் காதில் விட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மூக்கி பின்கட்டுக்கு வந்தாள். ஒன்பது பைகளையும் மேசைமேல் அடுக்கினாள். நாடாக்களின் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். அவர் முடிச்சு, அவிழவில்லை. விரலெல்லாம் எண்ணெய்ச் சிக்கு.

தையலக்கா மெஷினை நிறுத்தினாள். இழுப்பறையைத் திறந்து, யாருக்கும் தொடக் கொடுக்காத தன் பெரிய கத்தரிக்கோலை எடுத்து மேசைமேல் தள்ளினாள்.

"கூரா இருக்கும். கை பத்திரம்."

ஒன்பது நாடாவையும் அறுத்தாள். குப்பையில் போட்டால் யாராவது எடுத்துத் திரும்பக் கட்டுவார்கள் என்று தோன்றியது. ரத்தம் கசக்கிய வாளியில் போட்டு, சோப்பை அள்ளிக் கொட்டி, 'மூ' அழியும்வரை தேய்த்தாள். மை கரைந்து தண்ணீர் கருத்தது. இந்த மூன்று வாரத்தில் நீண்ட நாள் வாடகைக்குப் போய், இன்னும் திரும்பாத பைகளில் அவள் கட்டிய நாடாக்கள் ஊருக்குள் யார் யார் வீட்டிலோ தொங்கிக்கொண்டிருக்கும்.

"அக்கா, வாடகைக்குப் போனவங்க போன் நம்பர் எல்லாம் எந்த நோட்டுல இருக்கு?"

"முன்னாடி கல்லாவுக்குக் கீழ. நீல அட்டை." தையலக்கா மெஷினை மிதிக்க ஆரம்பித்தாள். "உங்க அம்மா வந்து சேர சாயங்காலம் ஆகும். அதுக்குள்ள எத்தனை பேருக்குப் பேச முடியுமோ, பேசு."

மூக்கி கையைக் கழுவிக்கொண்டாள். மோந்து பார்த்தாள். மறுபடியும் கழுவினாள். பிறகு நீல அட்டை நோட்டை எடுக்கப் போனாள்.