அப்பாவின் பன்னிரண்டாம் நிமிடம்

1
இந்தக் கதை ஓர் அட்டவணையிலிருந்து பிறந்தது. அதை எழுதியது நான்தான். இதே நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கிறது. கிழிக்க மனம் வரவில்லை.

முதல் தொடக்கம்: 'ஹெப்பாள் தொழிற்பேட்டையில் வெயில்—' வேண்டாம். வெயிலுக்கு இதில் வேலை இல்லை.

2
வருடம் 1996. எங்கள் தொழிற்சாலைக் காவலர்களுக்குப் பதினைந்து வாக்கிடாக்கிகள், ஒரே சேனல். இருவர் ஒரே நேரத்தில் பேசினால் இரைச்சல்தான். நாள் முழுக்க ஆனில் இருந்ததால் பேட்டரிகள் மத்தியானத்துக்குள் தீர்ந்தன. அவற்றுக்குச் சார்ஜ் போடுவது என் வேலை. (ஒன்பதாவதோடு நின்றவள் நான். எழுந்து வாசிக்கச் சொன்னால், வகுப்பே சிரிக்குமே என்று குரல் வராது. இந்த அடைப்புக்குறியை நீக்க நினைத்தேன். நீக்கினால் கதை இல்லை.)

"எல்லாரும் சந்தை மாதிரி கத்தறாங்கம்மா. ஏதாவது வழி பண்ணு," என்றார் சூப்பர்வைசர் நஞ்சுண்டசாமி.

கால்மணி நேரத்தைப் பதினைந்தாகப் பிரித்தேன். ஆளுக்கு ஒரு நிமிடம். அதில் மட்டும் செட்டைப் போட்டு, 'சரி' சொல்லி, அணைத்துவிட வேண்டும். சூப்பர்வைசரும் நானும் உட்காரும் அறையின் செட் மட்டும் எப்போதும் விழித்திருக்கும். பேட்டரிகள் இரண்டு நாள் தாங்கின.

பின்கேட்டில் நின்ற என் அப்பா சித்தையனுக்குப் பன்னிரண்டாம் நிமிடம்.

"ஏங்கண்ணு, அவசரத்துக்கும் மொற வெச்சுட்டியா?" என்று சிரித்தார்.

"மக போட்ட சட்டம் சித்தண்ணா. தும்மறதுன்னாலும் பன்னண்டு வரைக்கும் அடக்கிக்க," என்றாள் முன்கேட்டு தேவம்மா.

3
'அப்பா விதியை மீறாதவர்' என்று எழுதி அடித்தேன். அந்த வாக்கியம் என்னைக் காப்பாற்றப் பார்க்கிறது.

4
மதியம் மூன்று ஏழு. நஞ்சுண்டசாமி டீ குடிக்கப் போயிருந்தார். அறையில் பேசுவது அவர், எழுதுவது நான். ஏழாம் நிமிடம் தேவம்மாவுடையது. "முன்கேட்டு சரி" என்ற அவள் குரலுக்குள் ஓர் இரைச்சல் புகுந்தது. அவள் முடித்தபோது அதுவும் நின்றிருந்தது. யாரோ முறை தவறி அழைத்திருக்கிறார்கள்.

யார் அது என்று கேட்கப் பட்டன்மேல் விரலை வைத்தேன். பதினைந்து பேர் என் குரலைக் கேட்பார்களே என்று எடுத்துவிட்டேன்.

(தேவம்மா 'சரி' சொன்னதும் அணைத்திருப்பாள். மற்றவர்களின் செட்டெல்லாம் அப்போது அணைந்திருந்தன. அழைத்தவரைத் தவிர யாருக்கும் கேட்டிருக்காது. அட்டவணை எழுதியவளுக்கே அது மறந்துபோனது.)

'தேவம்மா, சரி' என்று குறித்தேன். பன்னிரண்டாம் நிமிடத்தில் குரல் வரவில்லை. அப்பா கண்ணசந்திருப்பார் என்று நினைத்தேன். மூன்று இருபத்தேழிலும் வராதபோதுதான் ஓடினேன்.

பின்கேட்டருகே விழுந்து கிடந்தார். உயிர் இல்லை. செட் ஆனில் இருந்தது. பேட்டரியில் முக்கால்வாசி மிச்சம்.

5
முடிவுகள்.

அ) இரைச்சல் வேறெங்கிருந்தோ வந்தது. தேவம்மா இதைத்தான் சொல்கிறாள்: "காத்துல வந்த கொரகொரப்பு, புள்ள. உன்னையே தின்னுக்காத."

ஆ) அப்பா என்னைத்தான்—

நான் முடிக்கப்போவதில்லை. உங்களை அந்த அறையில், என் நாற்காலியில் உட்காரவைக்கிறேன். மணி மூன்று ஏழு. யாரும் சிரிக்க மாட்டார்கள். பட்டனை அழுத்தி, 'யார் அது?' என்று கேளுங்கள். பதிலுக்கு இடம் விட்டிருக்கிறேன்.

12.