மாமியார் வீசிய பந்து

ஹெஸ்டர் கோரிங் தன் மகன் ஏபலின் கல்யாணத்தை ஏன் பெந்தெகொஸ்தே திருநாளுக்கு மறுநாள் திங்கட்கிழமையில் வைத்தாள் என்பது, கல்யாணத்துக்கு முந்தின வாரம்தான் மணப்பெண் தாமசினுக்கு உறைத்தது. பால் கறந்துகொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தினாள். பசு திரும்பிப் பார்த்தது.

அந்தத் திங்கட்கிழமை மத்தியானம்தான் ஊர்ப் புல்வெளியில் வருஷா வருஷம் முக்காலிப் பந்து நடக்கும். கல்யாணமான பெண்கள் ஒரு பக்கம், ஆகாதவர்கள் மறுபக்கம். பால் கறக்கும் முக்காலி ஒன்றை வைத்து, பந்து அதில் படாமல் மட்டையால் காக்க வேண்டும். அடித்துவிட்டால், வட்டமாகப் போட்டிருக்கும் மற்ற முக்காலிகளைத் தொட்டுச் சுற்றி ஓடிவர வேண்டும். சஸ்ஸெக்ஸ் வட்டாரத்துப் பால்காரப் பெண்கள் எல்லோரும் ஆடுகிற ஆட்டம்தான். பக்கத்து ஊரில் முக்காலிக்குப் பதில் கம்பு நட்டு, பேஸ்பால் என்று பேர் மாற்றி ஆடினார்கள். அதைச் சொன்னாலே இங்கே முகம் சுளிப்பார்கள்.

கன்னிப் பெண்களின் பக்கத்தில் தாமசினைப் போல அடிக்க ஆளில்லை. மறுபக்கம் பந்து வீசுவது ஹெஸ்டர். சில வருஷங்களாக அவள் பக்கத்துக்குத் தோல்விதான். காலையில் கல்யாணம் முடிந்துவிட்டால், மத்தியானம் தாமசின் யார் பக்கம்?

பால் குடத்தை அப்படியே வைத்துவிட்டு நேரே ஹெஸ்டர் வீட்டுக்குப் போனாள்.

"ஏன் அத்தை, வேற நாளே கிடைக்கலையா?"

ஹெஸ்டர் வெண்ணெய் கடைவதை நிறுத்தவில்லை. "நல்ல நாள்தானேடி. ஊரே கூடியிருக்கும்."

"ஊருக்காகவா, என் மட்டைக்காகவா?"

"ரெண்டுக்கும்தான்" என்று சிரித்தாள் ஹெஸ்டர். "வர்ற மருமக வெறுங்கையோட வரலாமா?"

தாமசினுக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. அன்று சாயங்காலம் அவள் தோழி டார்கஸ் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "போடி, போ, அந்தக் கிழவிகளோட போய்ச் சேந்துக்கோ" என்றதும்தான் அவளுக்கு யோசனை உதித்தது. கன்னிப் பெண்கள் எல்லோரும் திரண்டு போய் ஹெஸ்டரிடம் சொன்னார்கள்: ஆட்டம் காலையில், கல்யாணத்துக்கு முன்னால். இல்லாவிட்டால் ஆட்டமே இல்லை.

ஹெஸ்டர் இடுப்பில் கைவைத்து நின்றாள். ஆட்டத்தை விட அவளுக்கு மனமில்லை. "சரி. உன்னை அவுட்டாக்கி, நானே கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறேன், பாத்துக்கோ."

திங்கட்கிழமை கல்யாணமானவர்கள் முதலில் அடித்துக் கணிசமாக ஓட்டம் சேர்த்தார்கள். பிறகு கன்னிகள் ஒவ்வொருத்தியாக அவுட்டானார்கள். தாமசின் மட்டும் அசையவில்லை. கல்யாணப் பாவாடையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள், அடித்தாள், மறுபடி ஓடினாள். கடைசியில் ஒரே ஒரு சுற்று ஓடினால் சமன், இரண்டு ஓடினால் வெற்றி.

வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. பாதிரியார் கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். பகல் பன்னிரண்டு மணி தாண்டினால் திருமணம் செய்துவைக்கச் சட்டம் இடம் கொடுக்காது.

"தாமசின், போதும் வா!" புல்வெளி ஓரத்தில் புதுக் கோட்டோடு நின்ற ஏபல் கத்தினான்.

"உங்கம்மாகிட்டச் சொல்லு! அவங்கதானே வீசுறாங்க!"

அடுத்த பந்தை அவள் ஓங்கி அடித்தாள். அது உயரே போய், நேரே ஏபலை நோக்கி இறங்கியது. அவன் தொப்பியைக் கீழே போட்டுவிட்டு, தன்னையறியாமல் இரண்டு கையாலும் பிடித்துவிட்டான்.

"அவுட்!" என்று ஹெஸ்டர் துள்ளினாள். "எம்புள்ள புடிச்சான், எங்க பக்கம்!"

"ஆம்பளைக்கு ஆட்டத்துல என்ன வேலை?" என்று டார்கஸ் பாய்ந்தாள். "கட்டிக்கப் போறவளையே அவுட்டாக்குற மூஞ்சியப் பாரு!"

ஏபல் பந்தைச் சுடுகிற உருளைக்கிழங்கு மாதிரி கீழே போட்டான். இரண்டு பக்கமும் அவனையே திட்டியது. பாதிரியார் புல்வெளிக்கே வந்துவிட்டார். "அம்மா, இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கு. அப்புறம் நாளைக்குத்தான் கல்யாணம்."

ஹெஸ்டர் பந்தைப் பொறுக்கித் துடைத்தாள். "அந்தப் பிடி கணக்குல வேண்டாம். ஒரே பந்து. நல்லா நில்லுடி."

வேண்டுமென்றே அவுட்டாகலாமா என்று தாமசினுக்கு ஒரு கணம் தோன்றியது. உடனே அதை உதறிவிட்டு மட்டையை இறுகப் பிடித்தாள். பந்து தாழ்ந்து வந்து, ஒரு மேட்டில் பட்டுத் திரும்பியது. அவள் வீசிய மட்டை காற்றைத்தான் வெட்டியது. பின்னால் முக்காலி டொக்கென்று உருண்டது.

தாமசினுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் ஹெஸ்டர் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு, காதோரம், "உன்னை மாதிரி ஒருத்தியை வாழ்நாள்ல பாத்ததில்லடி" என்றாள். பிறகு அவள் கையைப் பற்றி இழுத்துக்கொண்டே கோயிலுக்கு ஓடினாள். ஏபல் தொப்பி இல்லாமல் பின்னால் ஓடினான். சம்மதம் சொல்லும்போது தாமசினுக்கு மூச்சு வாங்கிற்று; பாவாடையெல்லாம் புல்லும் சேறும். பன்னிரண்டின் முதல் மணி அடிப்பதற்குள் மோதிரம் ஏறிவிட்டது.

மருமகளின் மட்டையை நம்பி அடுத்த வருஷ ஆட்டத்துக்கு ஹெஸ்டர் பெரிய கனவு கண்டாள். ஆனால் அடுத்த பெந்தெகொஸ்தேக்கு தாமசின் நிறைமாதம். மட்டை பிடிக்க வழியில்லாமல் அவள் நாற்காலியில் சாய்ந்து ஆப்பிள் மது குடித்தபடி ஓட்டம் எண்ணினாள். டார்கஸின் பக்கம் கல்யாணமானவர்களைப் புரட்டி எடுத்தது.

"எல்லாம் உன்னாலதான்டா!" என்று ஹெஸ்டர் மகனைப் பார்த்துக் கத்தினாள்.