கழற்றியது போக மீதி

இராஜமாணிக்கம் ஒரு வார்த்தை சொன்னால் சொன்னதுதான். ராணுவத்தில் பதினேழு வருஷம் வண்டி பழுதுபார்க்கும் பிரிவில் இருந்துவிட்டு, டெல்லியில் ஒரு பொதுத்துறை அலுவலகத்தில் பராமரிப்பு வேலைக்கு வந்தவர். இனி பீடி இல்லை என்று ஒரு நாள் காலையில் சொன்னார். பாதிக் கட்டு சட்டைப் பையிலேயே கிடந்து வாஷிங் மெஷினில் கரைந்தது. தம்பி கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்றார், வரவில்லை. இருபத்து நாலு வருஷம் அந்த மனுஷனோடு குடும்பம் நடத்திய பூங்கோதைக்கு அவருடைய வாக்குச் சுத்தத்தில் பெருமை கொஞ்சம், எரிச்சல் நிறைய. ஏப்ரல் மாதத்திலிருந்து பயம் மட்டும்தான்.

ஏப்ரலில்தான் டாக்டர் நோயின் பெயரைச் சொன்னார். நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகிற நோய். வலது கையில் ஆரம்பித்திருக்கிறது. பிறகு இடது கை, கால், விழுங்குவது, கடைசியில் மூச்சு. குணமாக்க மருந்து இல்லை. ஆனால் மூச்சுக்கு மாஸ்க், சாப்பாட்டுக்கு வயிற்றில் ட்யூப் என்று அந்தந்த நேரத்தில் செய்துகொண்டே போனால் நாளைக் கூட்டலாம், வருஷக் கணக்கில்கூடக் கூட்டலாம் என்றார். அந்த ஒரு பேச்சை மட்டும் பூங்கோதை முந்தானையில் முடிந்துகொண்டு வீடு வந்து சேர்ந்தாள்.

மயூர் விஹாரில் அவர்கள் வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. கீழே விட்டால் களவு போகும் என்று இராஜமாணிக்கம் தன் சைக்கிளைத் தோளில் மாட்டி மேலே கொண்டுவருவதுதான் வழக்கம். அன்றைக்கும் கொண்டுவந்தார். ஒரே மூச்சில் ஏறுகிறவர் இரண்டு இடத்தில் நின்றார். கூடத்துக்கு வந்து இறக்கி வைத்துவிட்டு, வேர்வையைக்கூடத் துடைக்காமல் சொன்னார்:

"இத்த நானே தூக்கிக்கினு மேல வர்ற வரிக்கும் நீ கூப்புடற ஆஸ்பத்திரிக்கெல்லாம் வரன். என்னிக்கு முடியலியோ அன்னியோட சரி. மாஸ்க்கு, ட்யூபு ஒண்ணும் வேணாம். என்ன உட்டுடணும்."

"இன்னா பேச்சு பேசறீங்க?"

"சொல்லிட்டன்."

அவ்வளவுதான். பூங்கோதை சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் அழுதாள். புருஷனுடைய உயிருக்கும் அந்தச் சைக்கிளுக்கும் முடிச்சு விழுந்துவிட்டது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

அது லேசுப்பட்ட சைக்கிள் இல்லை. பதினாலு வருஷத்துக்கு முன்னால் சாணக்யபுரியில், ஊரைக் காலி செய்துகொண்டு போன ஒரு தூதரக வெள்ளைக்காரர் வீட்டுச் சாமான்களோடு விற்றது. டைட்டானியம். பந்தயத்துக்கென்று செய்தது. துருப் பிடிக்காது, பெயின்ட் வேண்டாம், இரும்பில் பாதி எடைதான் என்று இராஜமாணிக்கம் அதைத் தடவித் தடவிப் பேசினார். ஒரே ஒரு கோளாறு. சீட்டைத் தாங்குகிற அலுமினியத் தண்டு உள்ளே இறுகிப்போய் ஏற்றவும் முடியாது, இறக்கவும் முடியாது. அந்த வெள்ளைக்காரரின் கால் நீளத்துக்கே நின்றுவிட்டது. அதனால்தான் நமக்குக் கிடைத்தது என்று இவருக்கு அதிலும் சந்தோஷம். பதினாலு வருஷம் பெருவிரல் நுனியால் மிதித்தார்.

குடும்பஸ்தன் கையில் வந்த பந்தயச் சைக்கிள் என்ன பாடுபடும்? கேரியர் வந்தது. ஸ்டாண்டு வந்தது. மட்கார்டு, மணி, டைனமோ விளக்கு, மாட்டைக் கட்டுகிற கனத்தில் ஒரு பூட்டுச் சங்கிலி. ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்ஷர்தாம் பக்கம் ஒரு சுற்றுப் போய்விட்டு, திரும்பும்போது ஹேண்டில்பாரில் முருங்கைக்காய் தொங்க வந்து சேரும்.

அவர் வாக்குக் கொடுத்த மறுநாள் பூங்கோதை பெட்டி எடை போடுகிற கொக்கித் தராசை எடுத்து அதில் சைக்கிளைத் தொங்கவிட்டாள். பதினோரு கிலோ எண்ணூறு.

"இன்னாங்க, இத்த புதுசு பண்ணலாமா? வேண்டாத சாமானெல்லாம் கழட்டிப் போட்டு, வாங்கினப்ப இருந்த மாதிரி?" என்றாள். கேட்கும்போது முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டாள்.

இராஜமாணிக்கம் அவள் கையிலிருந்த தராசைப் பார்த்தார். "பண்ணலாம். நல்லா வேகம் போவும்" என்றார்.

வேகமாம். ஆனால் அந்தப் பொய்யை இரண்டு பேரும் பத்திரமாகப் பிடித்துக்கொண்டார்கள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லுவார், அவள் தரையில் உட்கார்ந்து கழற்றுவாள். அவருடைய விரல்களுக்கு ஸ்பேனர் பிடிக்க வலு இல்லை. வெண்டைக்காய் நறுக்கிய கையால் அவள் நட்டும் போல்ட்டும் பழகினாள். "இடப் பக்கம் திருப்பு. இடம்னா இடம், அது வலம்!" என்று அவர் பட்டாளத்துக் குரலில் கத்தும்போது அவளுக்கு உள்ளூர நிம்மதியாக இருக்கும். கத்துகிற அளவுக்கு மூச்சு இருக்கிறதே.

கேரியர், ஸ்டாண்டு, மட்கார்டு, டைனமோ, சங்கிலி எல்லாம் போய் ஒன்பது கிலோ இருநூறு. ஜண்டேவாலான் சைக்கிள் மார்க்கெட்டில் கடை வைத்திருந்த சேட்டு மெல்லிய டயரும் சின்ன சீட்டும் கொடுத்தான். பேர்தான் சேட்டு, திரிலோக்புரியில் பிறந்து வளர்ந்த தமிழன். தமிழைப் பாதியில் விட்டுவிட்டு இந்திக்குத் தாவுவான். இறுகிப்போன தண்டுக்கும் அவனே வழி சொன்னான்.

"காஸ்டிக் சோடா ஊத்துங்க அக்கா. அலுமினியத்த அப்படியே தின்னுடும். டைட்டானியத்துக்கு குச் நஹி, ஒண்ணும் ஆவாது. ஆனா கையில படாம, கேட்டீங்களா? கிளவுஸ் போட்டுக்கினு."

பால்கனியில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, சீட்டுத் தண்டின் வாயை ரப்பரால் அடைத்து, மிதி அச்சு இருந்த ஓட்டை வழியாக ஊற்றினாள். உள்ளே கொதித்தது. குழாய் தொட முடியாமல் சுட்டது. பக்கத்து வீட்டு விசாலாக்ஷி மாமி மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்னடி பண்ற, மனுஷா இருக்கறதா வேண்டாமா?" என்று கேட்டாள். "மனுஷன் இருக்கத்தான் மாமி" என்று பூங்கோதை சொல்லிவிட்டாள். மாமிக்கு விளங்கவில்லை. மூன்று நாள், ஆறு தடவை ஊற்றினாள். தண்டு கரைந்து சாம்பல் நிறக் குழம்பாக வழிந்தது. கழுவிப் பார்த்தால் டைட்டானியம் அன்றைக்குத்தான் செய்தது போல மினுமினுவென்று இருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனுஷ நரம்பைச் செய்தவனுக்கு இந்த உலோகம் கிடைக்காமலா போயிற்று?

புதுத் தண்டு மாட்டி, அவர் காலுக்குச் சரியாகச் சீட்டை இறக்கினாள். எட்டு கிலோ இருநூறு. பதினாலு வருஷத்தில் முதல் தடவையாகப் பாதம் முழுக்கப் பதித்து மிதித்துவிட்டு வந்து, "பஞ்சு மாதிரி இருக்குது பூங்கோத" என்றார். நான்கே நான்கு ஞாயிற்றுக்கிழமை. ஜூன் கடைசியில் பிரேக் பிடிக்க விரல் மடங்கவில்லை. அதற்குப் பிறகு ஓட்டவில்லை. ஞாயிறு காலையில் கீழே கொண்டுபோய், பார்க்கைச் சுற்றி உருட்டிக்கொண்டு நடந்துவிட்டு, மறுபடி தூக்கிக்கொண்டு வருவார். பூங்கோதை இரண்டு படி பின்னால் ஏறுவாள். கையை நீட்டக்கூட உத்தரவில்லை.

புனாவில் வேலை பார்க்கும் மகள் கவிப்ரியா போனில் கத்தினாள். "அப்பா ஏம்மா அத தூக்கறாரு? ஸ்டுப்பிட்டா இருக்கு. கிர் கயே தோ? விழுந்துட்டா?"

அவளுக்கு என்ன சொல்வது? அவர் தூக்குவதை நிறுத்தினால் என்ன நின்றுபோகும் என்று போனில் சொல்லவா முடியும்?

ஜூலை மூன்றாம் ஞாயிறு இரண்டாவது மாடித் திருப்பத்தில் அவர் அப்படியே நின்றுவிட்டார். தோள் நடுங்கியது. இதோ, முடிந்தது என்று பூங்கோதை நினைத்தாள். அவர் சுவரைப் பார்த்தபடி சொன்னார்:

"வீலுங்கள கழட்டிடு."

"இன்னா?"

"வீலு தனி சாமான். எவன் வீல சைக்கிள்னு சொல்றான்? பேரு எழுதியிருக்கறது ஃபிரேம்ல. ஃபிரேம்தான் சைக்கிளு. ஜல்தி, கழட்டு."

அவள் படியில் உட்கார்ந்து இரண்டு சக்கரத்தையும் கழற்றினாள். அவசரத்தில் விரலில் தோல் பெயர்ந்தது. அவர் மிச்சத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு வீடு வரை போனார். அன்று ராத்திரி முழுக்க அவளுக்கு அதுவே மனசில் ஓடியது. வாக்குத் தவறாத மனுஷன் சட்டத்தில் சந்து தேடுகிறார். சாகத் துணிந்தவன் எதற்குச் சந்து தேட வேண்டும்? வாய்தான் விட்டுவிடு என்கிறது. உள்ளே ஒருத்தர் இருந்துகொண்டு ஒவ்வொரு கிராமாகப் பேரம் பேசுகிறார். இவருக்கு வாழ ஆசை இருக்கிறது. அதை நினைத்து அவள் சந்தோஷப்பட்டாள். அந்தச் சந்தோஷத்தைப் போல ஒரு கொடுமையை அவள் அதுவரை அனுபவித்ததில்லை.

ஆகஸ்டில் ஹேண்டில்பார் போயிற்று. அது ஸ்டியரிங் என்றார், வண்டியில் சேராது. பிறகு மிதியும் செயினும் பல் சக்கரமும். செப்டம்பரில், அவள் அரும்பாடுபட்டு மாட்டிய சீட்டுத் தண்டு. பிறகு முன் சக்கரத்தைப் பிடிக்கிற கவை. உருட்ட ஒன்றும் இல்லாததால் பார்க்குக்குப் போவதும் நின்றது. ஞாயிறு காலையில் வெறும் ஃபிரேமைக் கீழே கொண்டுபோய் வாசலில் இரண்டு நிமிஷம் நின்றுவிட்டு மேலே கொண்டுவந்தார். ஒரு கிலோ அறுநூறு. மூன்று பால் பாக்கெட். அதற்கு மேல் கழற்ற அதில் எதுவும் இல்லை. அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

டாக்டர் மாஸ்க்குக்கு நாள் குறித்திருந்தார். திங்கட்கிழமை வந்தால் அளவெடுத்து, எப்படிப் போடுவது என்று பழக்கிவிடுவார்களாம். ராத்திரியில் இராஜமாணிக்கத்துக்கு மூச்சு இப்போதே திணறுகிறது, தள்ளிப்போட வேண்டாம் என்றார். அதற்கு முந்தின ஞாயிறுதான் அது நடந்தது.

இரண்டாவது மாடித் திருப்பம். வலது கை சும்மா தொங்கியது. இடது கையால் ஃபிரேமைத் தோளில் அணைத்திருந்தார். முழங்கை மெதுவாகத் தளர்ந்ததை அவள் பின்னாலிருந்து பார்த்தாள். ஃபிரேம் நழுவிப் படியில் விழுந்து, கணீர் கணீரென்று இரண்டு மாடியும் இறங்கிக் கீழ்ச் சுவரில் முட்டி நின்றது. இராஜமாணிக்கம் படியில் உட்கார்ந்தார்.

"சரி பூங்கோத. அவ்ளோதான்."

"எந்திரிங்க. நான் எடுத்தாரன். இன்னொரு வாட்டி."

"இல்ல. முடிஞ்சிடுச்சு. நாளைக்கி நான் வர்ல."

"ஏன் வர மாட்டீங்க?"

"பேச்சுன்னா பேச்சு."

பூங்கோதைக்குத் தலைக்கு மேல் ஏறியது. இந்தக் குரலில் அவள் அவரிடம் பேசியதே இல்லை. "பேச்சா? வீலு சைக்கிள் இல்லன்னது யாரு? ஹேண்டில்பாரு ஸ்டியரிங்குன்னது யாரு? ஆறு மாசமா தினுசு தினுசா ஏமாத்திப்புட்டு இன்னிக்கி மட்டும் அரிச்சந்திரனா நீங்க? எனக்கா பேச்சு குடுத்தீங்க? என்ன கேட்டா குடுத்தீங்க?"

அவருக்கு மூச்சு வாங்கியது. பேச்சு முடிந்துவிட்டது என்ற முகம்தான். பீடியை விட்ட அன்றைக்கு இருந்த அதே முகம். அந்த முகத்தோடு வாதாட முடியாது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அவள் படியிறங்கிப் போனாள். ஃபிரேம் ஒரு கீறலும் இல்லாமல் கிடந்தது. எடுத்தாள். வாசலில் கபாடிவாலா பழைய பேப்பர், பழைய இரும்பு என்று இந்தியில் கூவிக்கொண்டு வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தான். அவள் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் கை வந்திருக்காது.

"பையா, இத்த எடுத்துக்கோ. லே ஜாவோ."

அவன் ஒற்றைக் கையால் வாங்கி, ஆச்சரியத்தோடு ஒரு விரலில் தொங்கவிட்டுப் பார்த்தான். "அரே, இத்னா ஹல்கா?" இவ்வளவு லேசா என்று சிரித்தான். என்ன தரவேண்டும் என்று கேட்டான். ஒன்றும் வேண்டாம், சீக்கிரம் போ என்றாள். உடைந்த கூலருக்கும் அட்டைப் பெட்டிகளுக்கும் நடுவில் அதைச் சொருகிக்கொண்டு அவன் தெருமுனை திரும்புகிற வரைக்கும் நின்றாள். அவருடைய ஒரே ஆசையைக் குப்பை வண்டியில் ஏற்றியாயிற்று. இதனால் கிடைக்கப் போவது ஆறு மாதமோ, ஒரு வருஷமோ. கிடைக்காமலும் போகலாம். ஆனாலும் அவளுக்கு அது வேண்டும்.

மேலே வந்தாள். அவர் அதே படியில் இருந்தார்.

"சைக்கிள் எங்க?"

"கழட்டிட்டன்."

"எத்த கழட்டின? அதுல இன்னா இருக்குது கழட்ட?"

"முழுசையும் கழட்டிட்டன். கபாடிகிட்ட போட்டாச்சு. இப்ப அதுல ஒரு கிராமும் இல்ல. எந்திரிச்சித் தூக்கிக்கினு வாங்க."

இராஜமாணிக்கத்தின் முகம் கோணியது. அடிக்கக் கை எழும் நிலைமையில் இருந்திருந்தால் அடித்திருப்பாரோ என்னவோ. "பாவி" என்றார். "பாவி, பதினாலு வருசம்டி." கண்ணீர் மூக்கு வழியாக ஒழுகியது. துடைக்கக் கை வரவில்லை. அவள் துடைக்கப் போனாள், தலையைத் திருப்பிக்கொண்டார். சுவரில் சாய்ந்தபடி வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். விசாலாக்ஷி மாமி படியிறங்கி வந்தாள், இருவரையும் பார்த்தாள், ஒதுங்கிக் கீழே போனாள்.

பிறகு அவராகவே எழுந்தார். சுவரைப் பிடிக்கவில்லை. இடது கையை மெல்ல மெல்ல உயர்த்தி வலது தோளில் வைத்து, எதையோ அணைத்துப் பிடிக்கிறவர் மாதிரி விரல்களைக் குவித்துக்கொண்டார். வலது தோளை ஒரு பக்கமாகச் சாய்த்து முதல் படியில் கால் வைத்தார். நான்காவது படியில் நின்றார். ஒன்பதாவதில் நின்றார். பூங்கோதை வழக்கம் போல இரண்டு படி பின்னால், கையை நீட்டாமல் ஏறினாள்.

கூடத்துச் சுவரோரம் போய்க் குனிந்து, தோளிலிருந்து பார்த்துப் பார்த்து இறக்கி, சாய்த்து வைத்தார். நிமிர ரொம்ப நேரம் பிடித்தது.

"நாளைக்கி எத்தினி மணிக்கு வரச் சொல்லியிருக்காரு டாக்டரு?" என்றார்.

"ஒம்போதுக்கு" என்றாள் பூங்கோதை.