வேறு கேன்

சும்மா ஓடும்போது மோட்டார் ரம்பம் நன்றாகத்தான் உறுமியது. மரத்தில் பல் பட்டதும் திணறி அணைந்தது.

"அக்காகிட்ட நீங்க இருக்கிற மாதிரியே இருக்கு மச்சான். வெளியில ஒரே சத்தம், வீட்டுக்குள்ள கால வெச்சா மூச்சே இல்ல," என்றான் கிளைகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்த மைத்துனன்.

அறுப்புக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. சங்கிலியைத் தீட்டியாயிற்று, ஃபில்டரைத் தட்டி ஊதியாயிற்று, பிளக்கையும் மாற்றியாயிற்று. சொந்த ரம்பம் இருந்தால்தான் இங்கே ஒருவன் அறுப்புக்காரன். இல்லாவிட்டால் கட்டை சுமக்கும் கூட்டத்தில் சேர வேண்டும். தோள் காய்த்துப்போகும்வரை சுமந்துவிட்டுத்தான் அவர் இதை வாங்கியிருந்தார்.

சைலன்சரைக் கழற்றி, துவாரத்தின் வழியே உள்ளே பார்த்தார். வழவழப்பாக இருக்க வேண்டிய பிஸ்டனில் நகத்தால் பிறாண்டியது போல நீளநீளமாகக் கோடுகள்.

"ஆயில் இல்லாம ஓடியிருக்கு மாப்ள."

"மேஸ்திரி ஆயில் கலந்துதானே பெட்ரோல் குடுக்கிறாரு?"

தான் கொடுக்கும் கேனைத் தவிர வேறு எதையும் ஊற்றக் கூடாது என்பது மேஸ்திரியின் சட்டம். அறுப்புக்காரர் அந்தக் கேனிலிருந்து மூடியில் கொஞ்சம் ஊற்றினார். ஆயில் கலந்தால் வரும் பச்சை நிறம் கொஞ்சமும் தெரியவில்லை. விரலில் தேய்த்தார், பிசுபிசுப்பும் இல்லை. இத்தனை நாளும் பார்க்காமலே டாங்கில் கவிழ்த்த தன் கையைத் தானே வெட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

"என்ன, வேலை நேரத்துல கடை விரிச்சிருக்க?" மேஸ்திரி வண்டியை நிறுத்தினார்.

"ஆயில் கலக்கல போலிருக்குங்க. பிஸ்டன் போயிடுச்சு."

"மிஷின வெச்சுக்கத் தெரியல, பெட்ரோல் மேல பழியா? வேணும்னா என் ரம்பத்த எடுத்துக்க. வாடகைய கூலியில பிடிச்சுக்கிறேன். இல்லன்னா சுமக்கப் போ."

மைத்துனன் வாயைத் திறந்தான். அறுப்புக்காரர் அவன் கையை அழுத்தினார். மேஸ்திரியை விட்டால் அந்தப் பக்கம் மரம் அறுக்கும் வேலை கொடுக்க வேறு ஆளில்லை.

"குடுங்க," என்றார்.

புத்தம் புதுசாக இருந்தது மேஸ்திரியின் ரம்பம். அறுப்புக்காரர் அதன் டாங்கைத் திறந்து, காலடியில் கிடந்த கேனை எடுத்துச் சாய்க்கப் போனார்.

"ஏய், ஏய்! அத ஊத்தாத!" மேஸ்திரி பதறியடித்து ஓடிவந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தார். வண்டியின் சீட்டுக்கு அடியிலிருந்து வேறொரு கேனை எடுத்து நீட்டினார். "என் மிஷினுக்கு இது."

பெட்ரோல் பச்சையாக இறங்கியது. அறுப்புக்காரர் ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் ஊற்றினார்.